பத்து மடங்கு மெதுவாக

தட்... தட்... தட்...

இரும்பு ஷட்டரை யாரோ உள்ளங்கையால் அடித்தார்கள். இரவு மணி பதினொன்றரை. புறவழிச் சாலையில் அதுதான் கடைசிக் கட்டடம். அதைத் தாண்டினால் தெருவிளக்கு கிடையாது, டீக்கடை கிடையாது, குரைக்க ஒரு நாய்கூடக் கிடையாது. அந்த நேரத்தில் அந்த ஷட்டரைத் தட்ட யாருக்கும் எந்த வேலையும் இல்லை.

இப்படிக் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். ஜன்னலைச் சாத்த வேண்டாம். வெளியே பூச்சிகள் கத்துவது காதில் விழட்டும்... இந்தக் கதைக்கு அது வேண்டும்.

நடந்தது நமக்குத் தெரிந்தவர் ஒருவருடைய சிநேகிதனின் அக்காள் கணவருக்கு. சிநேகிதன் மைக் செட் வாடகைக்கு விடுகிறவன். எங்கே ஒரு மைக்கைப் பார்த்தாலும் விரலால் இரண்டு தட்டுத் தட்டி, 'ஹலோ... ஹலோ...' என்று சொல்லாமல் தாண்டிப் போகமாட்டான். அதனால் அவன் பெயரே ஹலோ ஆகிவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் தூங்குகிறது. சத்தமில்லாத இடம் அவனுக்கு ஆகாது. நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் ஒரு நொடி அமைதி விழுந்தால் போதும், சட்டைக்குள் எறும்பு புகுந்தவன் மாதிரி நெளிவான். எதையாவது பேசி அந்த ஓட்டையை அடைத்த பிறகுதான் மூச்சு விடுவான்.

அன்றைக்கு ஒரு கல்யாண வரவேற்பை முடித்துவிட்டு, குடோனில் தனியாக உட்கார்ந்து அறுந்துபோன ஒயருக்கு ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தான். சூடான தூசி வாசனை. ஆம்ப்ளிஃபயர் ஆறும்போது வருகிற டிக்... டிக்... அதற்கு நடுவில்தான் இந்தத் தட்டல்.

ஷட்டரை முழங்கால் உயரத்துக்குத் தூக்கினான். வெளியே இரண்டு கால்கள் தெரிந்தன. இடது செருப்பின் வார் கறுப்பு நூலால் தைக்கப்பட்டிருந்தது. அழகான, நெருக்கமான தையல். அந்தத் தையலை அவன் எங்கே பார்த்தாலும் கண்டுபிடித்துவிடுவான். அவனுடைய அக்காள் போட்டது.

மாமா வந்திருக்கிறார்.

ஷட்டரை மறுபடி இறக்கிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தான். பேச்சுவார்த்தை நின்று பல மாதமாகிறது. ஆனால் மாமா அதற்குள் குனிந்து உள்ளே வந்துவிட்டார். தோளில் பை. சௌக்கியமா என்றுகூடக் கேட்கவில்லை. நல்ல ஹெட்போன் ஒன்று வேண்டும் என்றார். அவ்வளவுதான்.

ஏன் பேச்சு நின்றது என்று சொல்ல வேண்டும்.

மாமா ஒரு பல்கலைக்கழகத்தில் பூச்சிகளின் சத்தத்தைப் பதிவு செய்கிறவர். ஹலோவின் தொழில் தூங்குகிறவனையும் எழுப்புவது. அவர் தொழில் விழித்திருப்பவனுக்கும் கேட்காததைப் பதிவு செய்வது. இந்தப் பொருத்தத்தை வைத்தே அக்காள் இருவரையும் வாழ்நாள் முழுக்கக் கேலி செய்தாள். ஒருத்தன் கேக்கவேண்டாம்னாலும் விடமாட்டான், இன்னொருத்தர் சொன்னாலும் காதில் வாங்கமாட்டார், நடுவில் நான் என்பாள்.

சில வருடங்களாக மாமா ஒரே பூச்சியின் பின்னால் சுற்றிக்கொண்டிருந்தார். வெட்டுக்கிளிக்கும் சில்வண்டுக்கும் பங்காளி முறை அது. இரண்டாய் மடிந்த இலை மாதிரி இருக்கும். மூடிப்போன ஒரு கல்குவாரிக்குப் பின்னால் இருக்கும் புதர்க்காட்டில் மட்டும் அகப்பட்டது. ராத்திரியில் ஆண் பூச்சி இறக்கையோடு இறக்கையை உரசிப் பாடும். அந்தப் பாட்டு மனிதக் காதுக்கு எட்டாத உயரத்தில் இருக்கும். பதிவு செய்து, பத்து மடங்கு மெதுவாக ஓட விட்டால்தான் நமக்குக் கேட்கும்.

அந்தப் பூச்சிக்கு இன்னொரு குணம். வெக்கையான ராத்திரியில் மளமளவென்று பாடும். குளிரக் குளிர இழுத்து இழுத்துப் பாடும். அதனால் எத்தனை டிகிரியில் பாடியது என்று தெரியாவிட்டால் பதிவைக் குப்பையில்தான் போட வேண்டும். அந்த டிகிரியைச் சொல்லத்தான் அக்காள் கூடப் போவாள். தையல் மெஷினை மூடிவைத்துவிட்டு, ஃபிளாஸ்க்கில் காபியோடு ஸ்கூட்டரில் ஏறிக்கொள்வாள். மாமா மைக்குக்குப் பின்னால் நின்று பதிவு எண், இடம், மைக் தூரம் மூன்றையும் சொல்வார். சொல்லிவிட்டுச் சிறிது இடைவெளி விடுவார். அந்த இடைவெளியில் அக்காள் தெர்மாமீட்டரைக் கையெட்டும் தூரத்தில் பிடித்துப் பார்த்து டிகிரியைச் சொல்வாள். பிறகு இருவரும் வாயைத் திறக்கமாட்டார்கள். பூச்சி பாடும். பிள்ளைகள் இல்லாத அந்த வீட்டில் அவர்கள் சேர்ந்து செய்த ஒரே காரியம் அதுதான் என்று சொல்லலாம்.

அப்புறம் அக்காள் போய்விட்டாள். மூன்றே நாள் காய்ச்சல்.

அன்று மாமாவின் கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை. வாசலில் வாடகை நாற்காலிகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார். ஹலோ அதைக்கூடப் பொறுத்துக்கொண்டான். சில நாள் கழித்து அக்காள் குரல் பதிவான ஏதாவது ஒன்றைக் கொடுங்கள் என்று போய்க் கேட்டான். ஊரில் வாய்திறந்து பேசத் தெரியாதவன் குரலெல்லாம் அவனிடம் இருக்கிறது. ஆனால் அக்காள் மைக்கை நீட்டினாலே ஓடி ஒளிந்துகொள்வாள். அவனிடம் ஒரு சொல் இல்லை. மாமாவிடம் நூற்றுக்கணக்கில் இருக்குமே.

இல்லை என்றார் மாமா. பூச்சிச் சேகரிப்பில் மனிதக் குரல் இருக்கக் கூடாது என்பது விதியாம். ஒவ்வொரு ராத்திரியும் வீட்டுக்கு வந்ததும் டிகிரியைக் குறித்துக்கொண்டு, அக்காள் பேசிய துண்டைக் கத்தரித்து அழித்துவிடுவாராம். ஒன்று பாக்கியில்லாமல்.

ஹலோ கத்தவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு அமைதியை அடைக்காமல் எழுந்து போனான். அந்த அமைதிதான் இந்த ராத்திரி வரைக்கும் நீண்டு கிடந்தது.

மாமா பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து, பற்றவைக்கும் மேஜையிலேயே வைத்தார். ஹெட்போனை ஹலோவின் காதில் மாட்டினார். முதலில் சாதாரண வேகத்தில் ஓட விட்டார்.

மாமாவின் குரல். பதிவு நாற்பது. குவாரிப் பின்புறம். மைக் தூரம் ஒரு மீட்டர். அப்புறம் இடைவெளி... பழக்கதோஷம். ஆள் இல்லாவிட்டாலும் அந்த இடத்தில் நிறுத்தாமல் அவரால் இருக்க முடியவில்லை போலும். பிறகு வெறும் காற்று.

ஒன்றும் இல்லையே என்று ஹலோ நிமிர்ந்தான். மாமா ஒரு விசையைத் தட்டினார். பத்து மடங்கு மெதுவாக.

இப்போது மாமாவின் குரல், பூமிக்கு அடியில் லாரி போவது போல உருண்டது. சொல் என்று எதையும் பிரித்தெடுக்க முடியவில்லை. அது ஓய்ந்தது. இடைவெளி வந்தது. பத்து மடங்கு நீண்ட இடைவெளி... உஸ்... என்ற இரைச்சல் மட்டும். ஹலோவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எதையாவது பேசலாம் என்று வாயைத் திறந்தான்.

"ம்..."

காதுக்குள். வெகு பக்கத்தில்.

"இருபத்தொண்ணு."

குண்டூசியை உதட்டோரம் கவ்விக்கொண்டே பேசிப் பேசி, ஊசி இல்லாதபோதும் அப்படியே பேசப் பழகிவிட்ட ஒருத்தியின் குரல். அந்த மாதிரி பேசுகிறவர்கள் உலகத்தில் இரண்டு பேர் இருக்க முடியாது. அடுத்து, பலகையில் சீப்பை இழுப்பது போலப் பூச்சி பாட ஆரம்பித்தது. க்ரக்... க்ரக்... க்ரக்... கொஞ்சம் நிறுத்தம். மறுபடி க்ரக்... க்ரக்... க்ரக்...

ஹலோ ஹெட்போனைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டான். கை மயிர் அத்தனையும் குத்திட்டு நின்றது.

"அவதானா?" என்றார் மாமா.

"அவதான் மாமா."

"சரி."

"என்ன சரி?"

"எனக்கு ஒண்ணும் தோணலை மாப்ளே. நூறு தடவை கேட்டுட்டேன். அவ குரல்னு காது சொல்லுது. உள்ள ஒண்ணும் தோணலை. உனக்காவது தோணுதான்னு பாக்கத்தான் வந்தேன்."

அழித்தவற்றில் ஒன்று எங்கேயாவது ஒட்டிக்கொண்டிருக்கும் என்று ஹலோ சமாதானம் சொல்லப் பார்த்தான். அவள் போன பிறகு வாங்கிய ரெக்கார்டர், கூடவே புது மெமரி கார்டு, பதிவு எண்ணும் அதில் ஒன்றிலிருந்துதான் தொடங்கியது என்றார் மாமா. மனிதத் தொண்டையால் அத்தனை உயரத்தில், கண் இமைக்கும் நேரத்துக்குள் ஒரு சொல்லைச் சொல்ல முடியாது என்றார். இன்னொன்றும் சொன்னார். அந்த ராத்திரி தெர்மாமீட்டர் காட்டியது இருபத்தாறு. ஆனால் பாட்டின் வேகத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தால், பூச்சி உட்கார்ந்திருந்த இடம் இருபத்தொன்றுதான். அக்காள் சொன்னதுதான் சரி. பூச்சிக்குப் பொய் சொல்லத் தெரியாது.

இதையெல்லாம் யாரோ தெருவில் போகிறவர் வீட்டு விஷயம் மாதிரி, ஏற்ற இறக்கம் இல்லாமல் சொல்லிக்கொண்டு வந்தார். அப்போதுதான் ஹலோவுக்கு அந்த வாசனை அடித்தது. தீய்ந்த வாசனை. தோல் தீய்கிற வாசனை...

மாமாவின் வலது கை, சூடாக இருந்த சால்டரிங் அயர்ன் மேல் கிடந்தது.

ஹலோ பாய்ந்து அந்தக் கையைத் தட்டிவிட்டான். மாமா உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். வேறு யாருடைய கையையோ பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு லேப்டாப்பை மூடிப் பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் ராத்திரி குவாரிக்கு ஹலோவும் கிளம்பினான். அவன் மனைவி வேண்டாம் என்று தலைபாடாக அடித்துக்கொண்டாள். இத்தனை மாதம் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு திரிந்த ஆளுக்கு இப்போது ராத்திரியில் மாமா மேல் என்ன திடீர்ப் பாசம் என்று கேட்டாள். போகிற வழியில் ஒரு கல்யாண ஆர்டரும் பேச வேண்டியிருக்கிறது என்று சமாளித்துவிட்டு வேனை எடுத்தான்.

நிலா இல்லை. குவாரிக்குப் போகும் பாதை, லாரிகள் போன காலத்தில் போட்டது. இப்போது புல் முளைத்துக் கிடந்தது. வேன் விளக்கு எட்டும் தூரத்துக்கு மட்டும் உலகம் இருந்தது. ஹலோ வழக்கம்போல இருட்டை வாயால் விரட்டிக்கொண்டே ஓட்டினான். பூச்சியைப் பற்றிக் கேட்டான். காது எங்கே இருக்கும்? முன்னங்காலில், முழங்காலுக்குக் கீழே என்றார் மாமா. அப்படியானால் மண்டி போட்டால் காது கேட்காதா என்றான். மாமா சிரிக்கவில்லை.

யாருக்காகப் பாடுகிறது? பெண் பூச்சிக்காக. ஆண் மூன்று இழுப்புப் பாடிவிட்டுச் சிறிது நிறுத்தும். அந்த நிறுத்தத்துக்குள் எங்கோ இருட்டில் உட்கார்ந்திருக்கும் பெண் பூச்சி 'டிக்' என்று ஒரே ஒரு சத்தம் கொடுக்கும். இடைவெளி தாண்டி வந்தால் ஆண் அதைப் பதிலாக எடுத்துக்கொள்ளாது. பதில் வந்துவிட்டால் பாட்டை நிறுத்திவிட்டு நடக்க ஆரம்பிக்கும்.

பெண் பூச்சி வராதா என்று கேட்டான் ஹலோ.

"வராது. அவ இருக்கிற இடத்தை விட்டு அசையமாட்டா. பதில் மட்டும் சொல்லுவா. அவன்தான் போகணும்."

"அப்ப வீட்டோட மாப்பிள்ளைன்னு சொல்லுங்க."

இதற்கும் அவர் சிரிக்கவில்லை. முன்பெல்லாம் இந்த மாதிரி பேச்சுக்குச் சிரிப்பை அடக்க மீசையைக் கடித்துக்கொள்வார். வேன் விளக்கு மேட்டில் பட்டுத் திரும்பியபோது ஹலோ அவர் முகத்தைப் பார்த்தான். துடைத்துவைத்த பலகை மாதிரி இருந்தது.

குவாரிக்குப் பின்னால் ஈரக் கல் வாசனையும் அழுகிய இலை வாசனையும் கலந்து அடித்தன. காதுக்குக் கேட்கும் பூச்சிகள் எல்லாம் ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தன. மாமா ஸ்டாண்டை நட்டார். தெர்மாமீட்டரை ஒரு குச்சியில் தொங்கவிட்டார். தலையில் மாட்டியிருந்த விளக்கின் வெளிச்சத்தில் அந்தப் பூச்சியைக் காட்டினார். ஓர் இலையின் விளிம்பில் இன்னோர் இலை போல ஒட்டிக்கொண்டு, இறக்கைகள் நடுங்க, சத்தமே இல்லாமல் பாடிக்கொண்டிருந்தது. ஒரு நிபந்தனைதான் போட்டார். நான் இடைவெளி விடும்போது மூச்சுக்கூடச் சத்தமாக விடாதே.

பதிவு நாற்பத்தொன்று. குவாரிப் பின்புறம். மைக் தூரம் ஒரு மீட்டர்.

இடைவெளி.

ஹலோவின் காதில் ஒன்றும் விழவில்லை. ஆனால் மூக்கில் விழுந்தது. தையல் மெஷின் எண்ணெய்... அக்காள் வீட்டு முன்னறையில் அடிக்கும் அதே எண்ணெய்ப் பிசுக்கு வாசனை, புதருக்குள்ளிருந்து வந்தது. கூடவே குளிர். கணுக்காலில் தொடங்கி மேலே ஏறியது. ஹலோவின் பல் கிட்டித்துக்கொண்டது. பக்கத்தில் அரைக்கைச் சட்டையில் நின்ற மாமா அசையவில்லை. ஹலோவைச் சுற்றி மொய்த்த கொசுக்களில் ஒன்றுகூட அவர் மேல் உட்காரவில்லை.

தெர்மாமீட்டரைப் பார்த்தான். இருபத்தாறு.

அங்கேயே, ஒரு பாறை மேல் லேப்டாப்பை வைத்து மெதுவாக்கிக் கேட்டார்கள். லாரி உருண்டது. உஸ்... என்ற இரைச்சல். பிறகு ஊசி கவ்விய உதடு.

"ம்... பதினாறு."

ஹலோ அழுதுவிட்டான். மூக்கைச் சிந்திவிட்டு, இத்தனை தூரம் வந்து எண்ணை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறாளே என்று ஆதங்கப்பட்டான். மாமா யோசித்தார். நான் கேட்பது அதுதானே, கேட்டதற்குப் பதில் சொல்கிறாள் என்றார். அப்படியானால் வேறு ஏதாவது கேளுங்கள் என்றான் ஹலோ.

"வேற என்ன கேக்கறது?"

கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்டார். இருபத்து சொச்ச வருடம் குடும்பம் நடத்தியவர், மனைவியிடம் டிகிரியைத் தவிர என்ன கேட்பது என்று மைத்துனனிடம் கேட்டுக்கொண்டு நின்றார்.

உங்களுக்கு என்ன வேண்டுமோ அதைக் கேளுங்கள் என்றான் ஹலோ.

பதிவு நாற்பத்திரண்டு. இடம் சொன்னார். தூரம் சொன்னார். அப்புறம் கொஞ்சம் தடுமாறி, "உன் தம்பி வந்திருக்கான். நான் என்ன பண்ணட்டும்?" என்றார்.

இடைவெளி.

எண்ணெய் வாசனை குப்பென்று வந்தது. இந்தத் தடவை அடர்த்தியாக, மூச்சு முட்டும்படியாக. அக்காள் அங்கே நிற்கிறாள், கையை நீட்டினால் தொட்டுவிடலாம் என்று தோன்றியது ஹலோவுக்கு. அமைதி நீண்டது... நீண்டது... ஹலோவால் முடியவில்லை. அவன் கை தானாகப் போயிற்று. மைக்கை இரண்டு தட்டுத் தட்டினான்.

டொக். டொக்.

"ஹலோ... அக்கா, நான்தான்..."

அந்தக் காட்டில் இருந்த பூச்சிகள் அத்தனையும், காதுக்குக் கேட்டவை அத்தனையும், ஒரே சமயத்தில் நின்றன. யாரோ மெயின் சுவிட்சை அணைத்தது போல. மாமா விளக்கை இலைப்பக்கம் திருப்பினார். அந்த ஆண் பூச்சி இறக்கையை மூடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து, இலையை விட்டு இறங்கி, தண்டு வழியாக இருட்டுக்குள் நடந்து போனது.

"பதில் கிடைச்சிருச்சு," என்றார் மாமா.

மெதுவாக்கிக் கேட்டபோது ஹலோவின் இரண்டு தட்டும் இரண்டு மலை சரிவது போல இருந்தன. அத்தனை நுணுக்கமான மைக். அந்தச் சரிவுக்கு அடியில் அக்காள் பேசிக்கொண்டிருந்தாள். எண் இல்லை. நீளமாக, ஒரு முழு வாக்கியமோ, இரண்டோ. ஒரு சொல்லும் பிடிபடவில்லை. கல்லும் மண்ணும் சரிந்து முடிந்த பிறகு, கடைசிச் சொல் மட்டும் தனியாக வெளியே கிடந்தது.

"...வாங்க."

தம்பியை அவள் ஒருநாளும் அப்படி அழைத்ததில்லை. அவனுக்கு எப்போதும் 'வாடா'தான்.

ஹலோ தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். மாமா திட்டவில்லை. சாமான்களைச் சுருட்டி வேனில் ஏற்றினார். வழியில் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தார். இனிமேல் நீ வரவேண்டாம் மாப்ளே என்றார். கோபம் இல்லை. மைக் தூரம் சொல்கிற குரல்.

அடுத்த ராத்திரி ஹலோவுக்கு ஒரு பள்ளிக்கூட ஆண்டுவிழா. நிகழ்ச்சி முழுக்க மனம் அதில் இல்லை. நடுவில் மாமாவுக்குப் போன் போட்டான். அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டான். எடுக்கவில்லை. தலைமையாசிரியர் நன்றியுரை சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒயரைப் பிடுங்கிச் சுருட்டிக்கொண்டு வேனில் ஏறினான்.

குவாரிப் பாதை. புல். இருட்டு. மாமாவின் ஸ்கூட்டர் ஸ்டாண்டு போட்டு ஒழுங்காக நின்றது. ஹெல்மெட் கண்ணாடியில் தொங்கியது. பூச்சிச் சத்தம் ஒன்றுகூட இல்லை. ஹலோவின் சொந்தச் செருப்புச் சத்தமே அவனைப் பின்னால் துரத்தியது.

மாமா அங்கேதான் இருந்தார். மைக்குக்குப் பின்னால், பாறையில், முழங்கால் மேல் கை வைத்து உட்கார்ந்திருந்தார். கண் திறந்திருந்தது. ரெக்கார்டரில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தெர்மாமீட்டர் இருபத்தாறு காட்டியது. ஹலோ அவர் கையைத் தொட்டான். ஐஸ் பெட்டிக்குள் இருந்து எடுத்தது போல இருந்தது அந்தக் கை.

"மாமா..."

"ம்."

"போலாமா?"

"சரி."

எழுந்து, நடந்து, வேனில் ஏறி உட்கார்ந்தார். அப்பாடா என்றிருந்தது ஹலோவுக்கு. ஆள் பிழைத்தார், அது போதும்.

டாக்டர் ஊசியைக் குத்திப் பார்த்தார், விளக்கை அடித்துப் பார்த்தார், எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். உடம்பு மட்டும் கொஞ்சம் குளிர்ந்திருக்கிறது, தனியாக விடாதீர்கள் என்றார். ஹலோ அவரைத் தன் வீட்டுக்கே கூட்டிவந்தான். போட்டதைச் சாப்பிட்டார். விரித்த இடத்தில் படுத்தார். எப்படியிருக்கிறது என்றால் இருக்கேன் என்றார். வேலைக்குப் போய்வந்தார். குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஹலோவின் மனைவிதான் ஒரு நாள் மெல்லச் சொன்னாள், அவர் குளித்துவிட்டு வந்தால் குளியலறையே சில்லென்று ஆகிவிடுகிறது என்று.

அந்தக் கடைசிப் பதிவைக் கேட்க ஹலோவுக்குப் பல நாள் தைரியம் வரவில்லை. ஒரு மாலை குடோனில் உட்கார்ந்து, ஷட்டரைப் பாதி திறந்துவைத்துக்கொண்டு, ஓட விட்டான்.

சாதாரண வேகம். காற்று. வெறும் காற்று. பதிவு எண் இல்லை, இடம் இல்லை, தூரம் இல்லை. எத்தனை அவசரத்திலும் அவற்றைச் சொல்லாமல் மாமா பதிவைத் தொடங்கியதே கிடையாது. மைக் பழுதோ என்று நினைத்தான் ஹலோ. விரல் பழக்கத்தில் அந்த விசையைத் தட்டியது.

பத்து மடங்கு மெதுவாக.

உஸ்... என்ற இரைச்சல். லாரி உருளவில்லை. அதற்குப் பதிலாக, மாமாவின் குரல் தெளிவாக, எதிரே உட்கார்ந்து பேசுவது போல வந்தது.

"பதிவு நாற்பத்து மூணு. குவாரிப் பின்புறம். மைக் தூரம்..."

அங்கே அவர் நிறுத்தினார்.

"தூரம் இல்லை."

இடைவெளி. ஹலோ தன் வாயைத் தன் கையாலேயே பொத்திக்கொண்டான்.

"ம்... நாலு."

பிறகு அழுகை. ஒரு ஆம்பிளையின் அழுகை. முதலில் தொண்டையில் சிக்கி, அப்புறம் கட்டு உடைந்து, குழந்தை மாதிரி ஏங்கி ஏங்கி. அதற்கு நடுவில் ஊசி கவ்விய உதட்டிலிருந்து, "இப்பவாவது ஏதாவது தோணுதா?" என்று ஒரு கேள்வி. கேலிதான். வாழ்நாள் முழுக்க அவரைச் செய்த அதே கேலி. அழுகையின் ஊடே பதில் வந்தது. தோணுது... இப்ப தோணுது... அதற்குப் பிறகு பேச்சு இல்லை. தையல் மெஷின் ஓடும் சத்தமும், பூச்சியின் சீப்பு இழுக்கும் சத்தமும், பதிவு முடிகிற வரைக்கும்.

ஹலோ நிமிர்ந்தபோது ஷட்டருக்குக் கீழே இரண்டு கால்கள் தெரிந்தன. கறுப்பு நூல் தைத்த செருப்பு.

மாமா குனிந்து உள்ளே வந்தார். வேலை முடிந்து அவனோடு வீட்டுக்குப் போக வந்திருந்தார். என்ன கேட்கிறாய் என்று கேட்கவில்லை. மேஜை மேல் கிடந்த ஹெட்போனை எடுத்துத் தானாகவே காதில் மாட்டிக்கொண்டார். ஹலோ தடுக்க நினைத்தான். கை வரவில்லை. முதலிலிருந்து ஓட விட்டான்.

மாமா நின்றபடியே முழுதும் கேட்டார். ஹலோ அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு மயிர்க்கால் அசையவில்லை. பதிவு முடிந்தது. ஹெட்போனைக் கழற்றி, ஒயரை ஒழுங்காகச் சுற்றி, எடுத்த இடத்தில் வைத்தார்.

"அவதான்," என்றார். "கூட அழறது யாரு மாப்ளே?"